செவ்வாய்க்கிழமைத் தேர்தலும் ஞாயிற்றுக்கிழமைக் கலியாணமும்

“அக்கா, நாள் வைச்சாச்சோ? இஞ்சை நிலம் இன்னும் இறுகிப்போய்க் கிடக்கு. தேர்தல் பலகை நட ஏலாமல் அப்பனும் மகனும் ஆளுக்கொரு வாளியிலை மண் போட்டு நிப்பாட்டியிருக்கினம். நான் நடுவாலை காரை எடுக்கிறன்.”

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இருக்கும் என் தங்கை அனுப்பிய குறுஞ்செய்தி இது. இவ்வாண்டு மாசி மகத்துக்கு மறுநாள் பின்னேரம், நாங்கள் இருக்கும் சுவிஸின் பேர்ண் நகரத்தில் ட்ராமுக்குள் இருந்தபோது வந்தது. கூடவே ஒரு படம். வெண்பனி மூடிய முற்றம், நடுவில் கார் ஏறிய தடம், அதன் இரு பக்கமும் இரண்டு வாளிகள், இரண்டு பெயர்ப் பலகைகள். ஒன்று சற்றே சாய்ந்து மற்றதோடு கதைக்கப் போவதுபோல இருந்தது.

நவம்பரில் அங்கே ஆளுநர் தேர்தல். நம் நாடுகளில் ஆளுநரை மேலிடம் அனுப்பும். அங்கே சனம் தெரிவு செய்கிறது. அந்த மாநிலம் பாதிக்குப் பாதி பிரிந்து கிடக்கிறது என்று செய்திகளில் படித்திருந்தேன். தங்கை வீடும் அப்படித்தான். அவள் புருஷன் ஒரு கட்சி, மகன் மற்றக் கட்சி. மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தன் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டிலோ மகளின் கலியாணப் பேச்சு. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் சகோதரம் இல்லை. எங்கள் முறைப்படி மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பெண்ணின் தம்பிதான் அவர் காலைக் கழுவி, கையைப் பிடித்து அழைத்து வந்து, மணவறையில் தோழனாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். தங்கை மகன் பள்ளி விடுமுறைகளில் எங்களிடம் வந்து வளர்ந்தவன். ஆரே ஆற்றில் அவன் கையைப் பிடித்து மிதக்கப் பழக்கியவள் என் மகள். “என்ரை கலியாணத்துக்கு நீதான் தோழன்” என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டாள். இங்கேயே, பாடன் நகரில் என் கணவரின் அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான். முறைக்கு அவனும் தம்பிதான். அவன் பெயரை எடுத்தாலே அவள் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

நாள் வைத்தவிதத்தைச் சரியாக எழுதி வைக்கவேண்டும். எங்கள் கோயில் ஐயர் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் நல்ல நாள் தேடுவதில் தேர்ந்தவர். பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்தக் கட்டடத்தில் மற்றவர்களின் நாளும் பார்த்துத்தான் அவர் நாள் சொல்வார். சாப்பாட்டுக்குரிய மண்டபம் கெமைண்டே எனப்படும் எங்கள் ஊர் உள்ளாட்சிக்குச் சொந்தமானது. வாக்களிப்பு ஞாயிறுகளில் உள்ளாட்சிக்காரர் அங்கே பெட்டி வைப்பார்கள். ஆகவே நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து, செப்டெம்பர் கடைசி ஞாயிறை வெட்டினோம், நவம்பர் கடைசி ஞாயிறை வெட்டினோம். நவம்பர் முதல் ஞாயிறு சுத்தமாக இருந்தது. இருந்தாலும் மனம் கேட்காமல் தங்கை மகனுக்கு எடுத்தேன்.

“தம்பி, நவம்பர் முதலாம் ஞாயிறு உங்கை தேர்தல் ஏதும் இருக்கோ?”

“ஞாயிறோ? இல்லைப் பெரியம்மா, ஞாயிறு ஒண்டும் இல்லை.”

அவன் சொன்னது உண்மை. தேர்தல் அதற்கடுத்த செவ்வாய். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வாக்களித்த எங்களுக்கு, வேலைநாளில் ஒரு நாடு வாக்களிக்கும் என்ற எண்ணமே வரவில்லை. மண்டபத்துக்குச் சொல்லி, ஷாஃப்ஹவுசனில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, அவர்களின் உறவுகள் கனடாவில் டிக்கட்டும் எடுத்தபிறகுதான் தங்கை கேட்டாள்:

“அக்கா, தெரிஞ்சுதான் வைச்சனீங்களோ? செவ்வாய் தேர்தல். கடைசிச் சனி ஞாயிறிலை இவங்கள் ரெண்டு பேரையும் வீட்டிலை காண ஏலாது. நான் மட்டும் வாறன்.”

“தபாலிலை போட்டுட்டு வரட்டும்” என்றார் என் கணவர், பின்னாலிருந்து.

“அத்தான், வோட்டுப் போடுறது பிரச்சினையில்லை. போடுவிக்கிறதுதான் அவனுக்கு வேலை.”

நாளை மாற்ற முடியாது. மண்டபம் பிறகு கிடைக்காது, மார்கழியும் வந்துவிடும். மகள் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டு, “அப்ப அந்த ஆளுநரே வந்து தோழனா நிக்கட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வினோதமான மாலைகள் தொடங்கின. தங்கை மகன் கதவுக்கும் கதவுக்கும் இடையில் நடக்கும்போது எனக்கு எடுப்பான். எனக்கு ஆறிய தேநீர் நேரம், அவனுக்கு நடுப்பகல். கைபேசியில் வேலிகளும் தபால்பெட்டிகளும் சாய்ந்த வானமும் போகும். மணி அடிப்பான், உடனே என்னைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவான். திரை இருண்டுவிடும். அந்த இருட்டுக்குள் இருந்து முன்பின் தெரியாத மனிதர்களின் குரல்களைக் கேட்பேன். ஒரு கிழவர் பால் விலை பற்றிச் சொல்வார். ஒரு பெண் பள்ளிக்கூடத்தைப் பற்றி. நாய் குரைக்கும். யாரோ மெதுவாகக் கதவைச் சாத்துவார்கள். பிறகு மறுபடி வெளிச்சம், அவன் முகம்.

“என்ன சொன்னவை?”

“யோசிக்கினமாம், பெரியம்மா.”

இங்கிருந்து கிளாருஸ் மலைப்பக்கத்தார் பலர் ஒருகாலத்தில் அந்த மாநிலத்துக்குப் போய் மாடு வளர்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். கிளாருஸில் இன்றும் சனம் திறந்த வெளியில் கூடி, கையை உயர்த்தி வாக்களிக்கிறது. ஒரு மாலை ட்ராமில் கண் அயர்ந்தபோது அந்த வெளியைக் கண்டேன். நிறைய மாடுகள், நிறையக் கைகள், எல்லாக் கையிலும் கால் கழுவும் செம்பு. தங்கை மகன் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு போனான். எண்ணி முடியுமுன் என் இறங்குமிடம் வந்துவிட்டது.

ஓகஸ்டில் அங்கே கட்சிக்குள்ளேயே வேட்பாளர் யார் என்று ஒரு தெரிவு இருக்கிறது. “உவன்ரை ஆள் அதிலை தோத்தால் பெடியன் சும்மாதானே, வந்திடுவான்” என்று என் கணவர் பகிடியாகச் சொன்னார். பகிடி என்னோடு கோயில்வரை வந்தது. பிள்ளையாருக்கு முன் கற்பூரம் எரியும்போது, கண்டறியாத ஒரு மாநிலத்தில் பேசியறியாத ஒரு மனிதர் தோற்கவேண்டும் என்று மனம் கேட்டுவிட்டது. பக்கத்தில் தீர்த்தம் வாங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தேன். பிறகு, சட்டைப் பைக்குள் இருந்து கேட்ட குரல்கள் நினைவுக்கு வந்தன. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அப்படி எடுக்க முடியுமோ தெரியாது.

அன்று மாலை அவனுக்கு நானே எடுத்தேன். ஆறு பெருகி ஓடுகிற சத்தம் கேட்க, பாலத்தில் நின்று கேட்டேன்: “தம்பி, உனக்கு வர விருப்பமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு.”

“விருப்பம் பெரியம்மா. ஆனால் நான் வந்தால் அப்பாவின்ரை பக்கத்துக்கு லாபம். அந்த மூண்டு நாளும் அவர் கிழடுகளை வோட்டுப் போடக் காரிலை ஏத்தி இறக்குவார்.”

இதைத் தங்கை புருஷனிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார்.

“மச்சாள், நானும் வராமல் நிக்கிறது ஏன் எண்டு நினைக்கிறியள்? நான் வெளிக்கிட்டால் உவன் எங்கடை தெருவையே தன்ரை பக்கம் இழுத்துப்போடுவான்.”

“அப்ப ரெண்டு பேரும் வாங்கோவன்.”

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவது கேட்டது.

“ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் குறைஞ்சால் கணக்குச் சரிதான்” என்றார் கடைசியில். “ஆனால் ஒரே பிளேனிலை வரவேணும். உவன் முதல் நாள் என்னை ஏத்திவிட்டிட்டு நிண்டிடுவான்.”

“அவனும் உங்களைப் பற்றி இதைத்தான் சொல்லுவான்.”

“சொல்லுவான். என்ரை பிள்ளைதானே.”

வாக்குகளை இருவரும் முன்கூட்டியே போடலாமாம்; அதற்கு அங்கே வழியுண்டு. ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு வாக்குகளைப் போட்டுவிட்டு இருவரும் கடல் தாண்டி இங்கே வருவார்கள். தங்கை இப்போது கோடைக்கு வெளியே எடுத்த கறிவேப்பிலைச் சாடியை இரு பலகைகளுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். படம் அனுப்பினாள். பனி போய்ப் புல் வந்துவிட்டது. வாளிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

மகளிடம் இதைச் சொன்னேன். தோழனுக்குத் தலைப்பாகை அளவு கேட்கச் சொன்னாள்.

ஆனி பிறந்திருக்கும் இவ்வேளையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு டிக்கட் பதிந்தாயிற்று என்று தங்கை சொல்கிறாள், அவள் புருஷனும் ஓம் என்கிறார். தலைப்பாகை அளவு கேட்டுத் தங்கை மகனுக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. அவன் வருகிறான் என்பதை அவன் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை. எனவே இது உறுதிசெய்யப்படாத தகவல்.