கால் கீழே வைக்கக் கூடாத வண்டி

என் மகள் தாதியர் படிப்பை முடித்தபோது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு சங்கிலி, ஒரு கைக்கடிகாரம், இல்லாவிட்டால் லங்காவிக்கு ஒரு பயணம் என்று எதையாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். "ஏடிவி ஓட்டணும்மா" என்றாள். காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓடுகிற அந்த நான்கு சக்கர மோட்டாரை நான் அதுவரை கைப்பேசியில்தான் பார்த்திருந்தேன்.

"தனியா இல்ல. நீங்களும் ஓட்டணும். நீங்கதானே எனக்கு மோட்டார் கத்துக் கொடுத்தீங்க."

அது உண்மை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கார்கள் கிளம்பிப் போன பிறகு கிடைக்கும் காலி இடத்தில்தான் அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை பாயான் லெப்பாஸில் இருக்கிறது. காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க மேல்சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு தினமும் மோட்டாரில் போய் வருகிறவள் நான். என்னைப் பொறுத்தவரை இரண்டு சக்கரத்தில் எனக்குப் பயமே கிடையாது. என் பயமெல்லாம் அவள் ஓட்டும்போதுதான். அவள் வீடு வந்து சேரும் வரை சன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பேன்.

பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "நாலு சக்கரம் லா. ரெண்டு சக்கரத்துல விழாதவளா நாலுல விழப் போறா?"

அவர் சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. எங்கெங்கே இந்த வண்டிகளை வாடகைக்குத் தருகிறார்கள் என்று தேடி, ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் அழைத்தேன். டயரை எப்போது மாற்றினீர்கள், தலைக்கவசம் சின்ன அளவில் இருக்கிறதா, முன்னால் வழிகாட்ட யார் போவார்கள், மழை பெய்தால் என்ன செய்வீர்கள். எதிரே உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ம்மா, நீங்க வண்டி வாடகைக்கு எடுக்கிறீங்களா, எனக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

முதலில் பாலிக் பூலாவ் பக்கத்து மலையில் ஓர் இடத்தை நேரிலேயே போய்ப் பார்த்தோம். டுரியான் தோப்புகளுக்கு நடுவே ஏறிப் போகும் பாதை. மேலிருந்து பார்த்தால் வயல்களும் கடலும் தெரியும் என்றார்கள். மகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. எனக்குக் கடல் கண்ணில் படவில்லை. பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்பே இல்லாத சரிவு. அதுதான் தெரிந்தது. "இங்க வேணாம்" என்றேன். திரும்பும் வழி முழுவதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

இரண்டாவதாக, எங்கள் தீவைத் தாண்டி, பெருநிலத்துக் கடலோரத்தில் மணலில் ஓட்டும் இடம் ஒன்று. கடல் எப்போது ஏறும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துக்கலாம் அக்கா" என்றார்கள். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது இடம் நிபோங் திபாலுக்கு அருகில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. மேடும் பள்ளமும் அதிகமில்லை. மலை இல்லை, சரிவு இல்லை. அதை நடத்துபவர் முப்பது வயதைத் தாண்டிய தமிழர். என் கேள்விகள் அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். தரை எப்படி என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பாலம் தாண்டிப் போனோம். முந்தைய நாள் பெய்த மழையில் தோட்டம் முழுவதும் ஈர மண் வாசனையாக இருந்தது. கொட்டகைக்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே இரும்புக் கூண்டும் இடுப்புப் பட்டையும் உள்ள, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி ஒன்றும் இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு மகள் ஓடி வந்தாள்.

"ம்மா, இதுக்குப் பேசாம நம்ம காரையே தோட்டத்துக்குள்ள விட்டுடலாம்."

சரி, கூண்டு வேண்டாம். ஆனால் இருப்பதிலேயே பெரிய வண்டியை அவளுக்குக் கொடுங்கள் என்றேன். கனமான வண்டி நிலத்தில் ஊன்றி நிற்கும், புரளாது என்பது என் எண்ணம். அவர் மறுக்காமல் அவளை அதன்மேல் ஏறி உட்காரச் சொன்னார். இருக்கையிலிருந்து எழுந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் உடம்பைச் சாய்க்கச் சொன்னார். அவள் மெலிந்தவள். அவள் எவ்வளவு சாய்ந்தும் அந்த வண்டி அசையவே இல்லை.

"வளைவுல இவங்க உடம்பு சொல்றத வண்டி கேக்கணும்க்கா. இது கேக்காது. நடுவுல உள்ளத எடுக்கட்டும்."

எனக்கு மனமில்லை. இருந்தாலும் சரி என்றேன். எனக்கும் அதே அளவு வண்டிதான்.

கிளம்பும் முன் எங்கள் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். அதன் மறுமுனை வண்டியில் மாட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். கைப்பிடியைத் திருக வேண்டாம், வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் வண்டி ஓடும் என்று காட்டினார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் மோட்டார் ஓட்டுறவங்களா?"

"பினாங்குல மோட்டார் ஓட்டாதவங்க யாரு தம்பி?" என்றேன்.

"அதான் அக்கா பயமா இருக்கு. ஒண்ணும் தெரியாதவங்க வந்தா எனக்குக் கவல இல்ல. மோட்டார்காரங்க வண்டி சாஞ்சா கால ஊனுவாங்க. இதுல ஊனுனா பின்சக்கரம் கால் மேல ஏறிடும். என்ன ஆனாலும் கால் வண்டி மேலயே இருக்கணும்."

"சரி சார்" என்று மகள் சல்யூட் அடித்தாள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது இருவருக்கும் நன்றாகவே விளங்கியிருந்தது.

முன்னால் அவர், நடுவில் மகள், கடைசியில் நான். உண்மையைச் சொல்கிறேன், முதல் அரைமணி நேரத்தில் இருந்தது போல நான் மகிழ்ச்சியாக இருந்து வெகு நாளாகியிருந்தது. செம்பனை மட்டைகள் தலைக்கு மேல் கூரை போலக் கவிந்திருந்தன. சேறு முகத்தில் தெறித்தது. முன்னால் போகும் மகள் ஒவ்வொரு குழியிலும் "ஹூ" என்று கத்தினாள். வார்டுகளில் பயிற்சி பெற்ற காலம் முழுவதும் அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மரவரிசைகளுக்கு நடுவே ஒரு வடிகால். அதன் ஓரத்தில் தாழ்வான மண் கரை. அவர் அதில் நேராக ஏறிப் போய்விட்டார். மகள் கொஞ்சம் சாய்வாக ஏறினாள். வண்டி இடப்பக்கம் சரிந்தது. அதிகமில்லை, லேசாகத்தான். அந்த நொடியில் அவள் இடது கால் கீழே இறங்கியது. சிவப்பு விளக்கில் நாம் எல்லோரும் இறக்குவது போல, யோசிக்காமல், மிக இயல்பாக. காது கேட்டிருந்தது. கால் கேட்கவில்லை.

பின்சக்கரம் அவள் காலணி மேல் ஏறியது. "அம்மா!" என்று கத்தினாள். கட்டைவிரலை அவள் எடுத்துவிட்டதால் வண்டி அங்கேயே நின்றது, கால்மேலேயே.

பதறினால் மோட்டார்காரி என்ன செய்வாள்? கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாள். நானும் இறுக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் நெம்புகோலின்மேல் இருந்தது. என் வண்டி அவளை நோக்கிப் பாய்ந்தது. நிறுத்த வேண்டும் என்று இன்னும் இறுக்கினேன். அது இன்னும் வேகமாகப் போனது.

நான் குதித்தேனா, விழுந்தேனா என்று தெரியவில்லை. சேற்றில் முழங்கை குத்தியது நினைவிருக்கிறது. மணிக்கட்டில் சுரீரென்று ஓர் இழுப்பு. எஞ்சின் சத்தம் அறுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் வண்டியின் முன் கம்பி மகளின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடி வந்தார். நானும் அவரும் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கித் தள்ளினோம். மகள் காலை உருவினாள். அவர்கள் கொடுத்த ரப்பர் காலணி வரவில்லை, சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவ்வளவு ஆழத்துக்கு அவள் கால் இறங்கியிருந்தது. சக்கரம் அழுத்த அழுத்த மண் விட்டுக் கொடுத்திருக்கிறது.

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். மகள் தரையில் உட்கார்ந்து, சேற்றை வழித்துவிட்டு, பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா, நாடி பாக்கறேன்."

நான் வாயை மூடினேன். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"நாடி இருக்கு. விரல் அசையுது, பாருங்க. இங்க அமுக்குனா வலி இல்ல. இங்க… ஆ, இங்க இருக்கு." பிறகுதான் அவள் உதடு கோணியது. "ம்மா, அடுத்த மாசம் வேலைக்குப் போக முடியாதாம்மா?"

அவளுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. நாள் முழுவதும் நின்று, நடந்து, நோயாளிகளைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. கால் இல்லாமல் அந்த வேலை இல்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். இருவரும் சேறாகவே இருந்தோம்.

மருத்துவமனைக்கு அவரும் கூடவே வந்தார். ஊடுகதிர்ப் படம் எடுத்து முடிவு வரும் வரை, சேறு காய்ந்து உதிரும் உடையோடு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இடையில் எழுந்து போய் நெகிழிப் பையில் கட்டிய தே தாரிக் தேநீர் மூன்று வாங்கி வந்தார். தன் தவறில்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முறிவு எதுவும் இல்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னதும் அவர்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்த பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார். "நாலு சக்கரம்னா விழாதுன்னு சொன்னேன். வண்டி விழலயே?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவரை முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்தச் சில நாள்களில் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. மலைப் பாதைக்குப் போயிருந்தால் காலுக்கு அடியில் பாறை இருந்திருக்கும். நான் கேட்ட பெரிய வண்டியை அந்தத் தம்பி கொடுத்திருந்தால் அதன் கனம் என்ன ஆகியிருக்கும்? சரிவுக்குப் பயந்து நான் தேர்ந்தெடுத்த இடம், நான் நினைத்தே பார்க்காத காரணத்துக்காக அவளைக் காப்பாற்றியது. கனத்தை நம்பி நான் தேர்ந்தெடுத்த வண்டியை, நல்ல வேளையாக, அவர் வேண்டாமென்று தடுத்தார். அத்தனை பேரைத் தொலைபேசியில் குடைந்தெடுத்தும், காப்பாற்றியவற்றில் பாதி நான் கேட்காதவை. கோயிலுக்குப் போய் நின்றபோது எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் பெய்த மழைக்கு என்று சொன்னேன். மழைக்கு நன்றி சொன்னது தப்பாக இருக்காது. ஒரு கயிற்றுக்கும் சொன்னேன்.

இப்போதும் சில நேரம், தொழிற்சாலையில் கோப்பையைப் பிடித்திருக்கும்போது, என் வலது கட்டைவிரல் தானாக விறைத்துக்கொள்கிறது. அந்த முன் கம்பியைப் பற்றி நான் மகளிடம் சொல்லவில்லை. ஒருநாள் சொல்வேன்.

அவள் கால் ஆறியது. முதலில் சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். சொன்ன தேதியில், வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் அன்று என் மேசையில் கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே வைத்திருந்தேன். மதியம் தாண்டித்தான் அழைத்தாள்.

"ம்மா, செத்துட்டேன். காலையிலேர்ந்து உக்காரவே இல்ல. கால் பயங்கரமா வலிக்குது."

எழுந்து நின்றுவிட்டேன். "எந்தக் கால்? இடதா?"

"இல்லம்மா, ரெண்டும்."

"ரெண்டும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான். ஏன், நான் வலிக்குதுன்னு சொல்றேன், நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"