செருப்பு மேற்கே போனது: இரண்டாயிரம் ரூபாயில் மூன்று தீவுகள்

அந்தமான் போக வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து வருடத்துக்கு ஒரு காரணம் வைத்திருப்பார். ஒரு வருடம் பைக் வாங்க வேண்டும், மறு வருடம் தங்கச்சி வளைகாப்பு. இந்த வருடம், "அங்கன வெயில் ஜாஸ்தியாம்ட்டி" என்றார். திருநெல்வேலி தச்சநல்லூரில் பெயிண்ட் கடை வாசலில் நாள் முழுக்க நிற்கிற மனிதர் வெயிலைச் சாக்குச் சொன்னதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே ஒரு பந்தயம் கட்டினார். "முதுகுல பையத் தூக்கிட்டுத் தீவு தீவாச் சுத்துததுன்னா சும்மாவா? மொதல்ல நம்ம ஆத்துல மூணு தீவு ஏறிக் காட்டு. ரெண்டு நாளு, ரெண்டு பேருக்கும் ரெண்டாயிரம் ரூவா. சொந்தக்காரங்க வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. முடிச்சிட்டா டிக்கெட் போடுதேன். இல்லன்னா அந்தமான் பேச்சே எடுக்கக் கூடாது."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஆற்றோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் எங்களுக்குச் சித்தப்பாவோ மாமாவோ மதினியோ உண்டு. அவர்கள் கண்ணில் பட்டால் இலை போடாமல் விட மாட்டார்கள். பந்தயம் அங்கேயே தோற்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். நான் சரி என்றேன். மாசி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறைப் பிடித்தேன். ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும், நிலவும் இருக்கும் என்று என் யோசனை. அந்த நிலவு செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்பாசமுத்திரம் பேருந்து. 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் இறங்கிக்கொண்டோம். பாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் நாணல் முளைத்த பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது. நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். இவர் கரையிலேயே நின்றார். "நீ போயிட்டு வா, நான் போட்டோ எடுக்கேன்" என்றார். இரண்டு பேரும் ஏறினால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டேன். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, பாறையைத் திட்டிக்கொண்டே வந்தார். புதுச் செருப்பு நனைகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி ஏறும்போது பாலத்தில் ஒரு மொபெட் நின்றது. வேறு யார், இவருடைய சித்தப்பாதான். அம்பையில் உரக்கடை வைத்திருப்பவர்.

"ஏலே சுடல! ஊருக்குள்ள வந்துட்டு வீட்டுக்கு வராமப் போறியா? என்னலே வருத்தம் எங்க மேல?"

இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் முந்திக்கொண்டேன். "மாமா, எங்களுக்கு ஒரு வேண்டுதல். மூணு தீவு முடியுத வரைக்கும் யார் வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாது."

வேண்டுதல் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் குறுக்கே வருவதில்லை. சித்தப்பா தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு வேண்டுதல் எந்தச் சாமிக்கும்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மொபெட்டில் தொங்கிய வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். படியை மிதிக்கவில்லை, ஆகவே செல்லும். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் பழத்தில் பாதி அவர்தான் தின்றார்.

அம்பையில் சாப்பிட்டுவிட்டுத் திருநெல்வேலி வந்து பஸ் மாறி, சாயங்காலம் நாலரைக்கு ஸ்ரீவைகுண்டம். மொத்தம் 65 கிலோமீட்டர். அணைக்கட்டுக்குக் கீழே ஒரு மணல் மேடு. மேய்ந்துகொண்டிருந்த நாலு எருமைகளைத் தவிர எங்களை வரவேற்க யாரும் இல்லை. இரண்டாம் தீவும் முடிந்தது. இவர் வழக்கம்போல என் பை வாரைப் பிடித்தபடி வந்தார். லாட்ஜ் அறை 600 ரூபாய். மின்விசிறி சுற்றிய நேரத்தைவிடக் கத்திய நேரம்தான் அதிகம்.

ஞாயிறு காலை பாசஞ்சர் ரயிலில் ஆறுமுகநேரி, டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து புன்னைக்காயல் பத்து கிலோமீட்டர் போல வரும். ஆட்டோவுக்கு 250 கேட்டார்கள், 200க்குப் படிந்தது. ஒன்பதேகாலுக்கு ஆற்றின் கடைசியில் நின்றோம். பொதிகையில் பிறந்து வருகிற நம் ஆறு கடலில் சேருகிற இடம். நடுவில் வெள்ளை மணலாக ஒரு திட்டு, கரையிலிருந்து இருநூறு மீட்டர். தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை. பத்து நிமிடத்தில் ஏறிவிட்டோம். மூன்றாவது தீவு! நான் குதித்தேன். இவர் சிரித்தார், ஆனால் அது நல்ல சிரிப்பாக இல்லை.

ஜெயித்த தெம்பில் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். ஆரஞ்சு நிறத் தார்ப்பாயைக் குச்சி நட்டுக் கட்டினோம். எலுமிச்சைச் சாதம் தின்றோம். தண்ணீர் பாட்டில் தீர்ந்திருந்தது. தாமிரபரணித் தண்ணீர் இருக்கும்போது பாட்டில் எதற்கு என்று கையில் அள்ளிக் குடித்தேன். உப்பு! துப்பிவிட்டு நிமிர்ந்தால் இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆற்றில் உப்பு இருக்கிறது என்றால் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு அது தெரியவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் மேற்கேயிருந்து வரும், அவ்வளவுதான். இவர் பைகளைக் கிழக்கு ஓரம், கடல் பக்கமாகப் பத்திரமாக வைத்தார். "வெள்ளம் வந்தா அங்கன இருந்துதான் வரணும்" என்று மேற்கைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மேற்கே வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நான் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தேன்.

"ஏட்டி பேச்சி, எந்தி. செருப்பு ஊருக்குப் போவுது."

கண்ணைத் திறந்தேன். அவருடைய புதுச் செருப்பு ஒன்று மிதந்துகொண்டு மேற்கே, திருநெல்வேலியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. ஆறு பின்னால் நடப்பதை நான் பார்த்ததே இல்லை. திரும்பினால் பைகள் பாதி நனைந்துவிட்டன, திட்டு கால்வாசிகூட மிச்சமில்லை. காலையில் நடந்து வந்த வழி பச்சையாக, ஆழமாகக் கிடந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

எனக்குப் பயமில்லை. எங்கள் ஊர்க் குறுக்குத்துறைப் படித்துறையில் எட்டு வயதில் நீச்சல் பழகியவள் நான். "இருநூறு மீட்டர்தானே, பைய விட்டுட்டு நீந்திருவோம், வாங்க" என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். இவர் நகரவில்லை. நனைந்த மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது."

"என்னது தெரியாது?"

"நீச்சல்."

பத்து வருடம். ஆற்றுக்குப் போகிறபோதெல்லாம் மூன்றாவது படியில் நின்று செம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பார். சுத்தம் பார்க்கிற மனுஷன் என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"நீ அந்தமான் அந்தமான்னு சொல்லும்போதெல்லாம் எனக்குப் படகு கவுந்த மாதிரியே இருக்கும்" என்றார்.

"அதச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"திருநவேலிக்காரன் நீச்சல் தெரியாதுன்னு எங்கன போய்ச் சொல்லுவான்?" பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, நீ போ. நீந்திப் போய் ஆளக் கூட்டிட்டு வா. நான் நிக்கேன்."

போயிருக்கலாம். அதுதான் புத்தியும்கூட. ஆனால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. நான் கரைக்குப் போய்த் திரும்பும்போது இந்த மனிதர் இங்கே இல்லாமல் போனால் என்ன செய்வேன்? அந்தமானாவது மண்ணாவது. "நீங்க இல்லாம நான் எங்கயும் போகல. எந்திங்க" என்றேன். திட்டின் மேடான இடத்துக்கு இழுத்துப் போனேன். தார்ப்பாயைக் குச்சியோடு பிடுங்கி உயர்த்தி ஆட்டினேன். ஒரு கையில் குச்சி, மறு கையில் அவர் சட்டை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

ஒன்றேகால் மணிக்கு ஒரு ஃபைபர் படகு எங்களைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர்.

"பௌர்ணமியும் அதுவுமா நடுத் திட்டுல நின்னு என்னவே செய்யுதிய? கடல் ஏறுதுல்லா! எந்த ஊரு?"

"திருநவேலி, அண்ணாச்சி."

"அதான பாத்தேன். மேக்கயே பாத்துக்கிட்டு இருந்திருப்பிய" என்று சிரித்தார். "வாரும்வே, பயப்படாம ஏறும்."

இவர் படகின் விளிம்பைத் தொட்டார், கையை எடுத்தார். நான் முதலில் ஏறி, குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என் கையைத்தான் பார்த்தார், தண்ணீரைப் பார்க்கவில்லை. ஏறிவிட்டார். கரையில் டீசலுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தோம். மீனவர் இருநூறை மட்டும் எடுத்துக்கொண்டு, "மீதிக்கு மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் குடும்மா" என்றார்.

மொத்தச் செலவு 1,840. மூன்று தீவு, ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் ஏறவில்லை. இவர் ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் உட்கார்ந்து, "ஜெயிச்சிட்ட. டிக்கெட் போட்டுரு" என்றார். நான் போடவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனியில் போங்கள், மழைக்காலத்தில் ஆற்றுத் திட்டுப் பக்கமே போக வேண்டாம். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். முகத்துவாரத்தில் பௌர்ணமி, அமாவாசை அன்று நிச்சயம் வேண்டாம். மற்ற நாளிலும் மீனவர்களிடம் கடல் ஏறுகிற நேரம் கேட்காமல் மணலில் கால் வைக்காதீர்கள். குடிதண்ணீர் சுமந்து போங்கள். சொந்தக்காரர்கள் பிடித்தால் வேண்டுதல் என்று சொல்லுங்கள். முக்கியமாக, கூட வருகிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று கிளம்புவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் குறுக்குத்துறைக்குப் போகிறோம். அவர் மூன்றாவது படியைத் தாண்டிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துப் பழகுகிறார். போன வாரம் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு என்ன விளையாட்டு?" என்று படித்துறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். கையை உதறிவிட்டுக் கரையேறிவிடுவார் என்றே நினைத்தேன்.

இவர் கையை விடவில்லை. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, அவரைவிடச் சத்தமாகச் சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாது வே. அந்தமான் போணும்லா, அதான் படிக்கேன்."