கொழுந்து எழுதிய மொட்டைக் கடிதம்

பெரியமுத்து என் பெரியப்பா சங்கிலியின் பிள்ளை. பெரியம்மா நாலு பெற்றதில் தங்கியது இந்த ஒன்றுதான். பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், பதினோராம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். என்னைவிட மூன்று வயது இளையவர். என் தங்கை வேலுத்தாயைவிட இரண்டு வயது மூத்தவர்.

ஆண் பிள்ளை என்று நினைத்துத்தான் பேர் வைத்தார்கள். பத்து வயதுக்குள்ளேயே அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. தம்பி என்று கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளை திரும்பாது. கேலிக்குத் தங்கச்சி என்றாலும் திரும்பாது. "நான் ரெண்டும் இல்ல. பேரச் சொல்லு, வாறேன்." அதனால் இளையவள் வேலுத்தாய்கூட முத்து என்றே கூப்பிட்டாள். பெரியப்பா இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். கை வலித்ததுதான் மிச்சம்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தைப் பெரட்டுக்களம் என்போம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெரியமுத்து வேட்டியும், அதன்மேல் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவில் கங்காணிக்கு நேர் எதிரே போய் நிற்பார். முதல் வருஷம் கங்காணி விரட்டினார். அடுத்த வருஷம் பார்த்தார், இந்த ஆள் ஆண்களோடு கவாத்துக் கத்தியும் பிடிக்கிறது, பெண்களோடு கொழுந்தும் எடுக்கிறது. ஆள் குறைந்த பக்கம் அனுப்பிக்கொண்டார். கொழுந்துக்குப் போகும் நாளில் வேலுத்தாய்க்குப் பக்கத்து நிரைதான் வேண்டும் என்று பெரியமுத்து சண்டை போடுவார். மஞ்சு இறங்கிவிட்டால் மலையில் ஆள் தெரியாது. இரண்டு பேரும் சிரிப்பது மட்டும் கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போதும் குமுளியில் மஞ்சு இறங்கினால் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வருகிறது.

வேலுத்தாய்க்குப் பத்தொன்பது வயதில் போடியிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மாவு மில்லில் வேலை. பூ வைத்து, தேதி குறித்து, பெரியம்மா பலகாரத்துக்கு அரிசிகூட ஊறப்போட்டுவிட்டாள். அன்றைக்கு மாப்பிள்ளையின் மாமா ஒரு கடிதத்தோடு மலையேறி வந்தார். கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதம். எங்கள் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் அப்படித்தான். பெரியமுத்துவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பெரியமுத்து நின்றுகொண்டே வாசித்தார்: பெண்ணுக்கு நெஞ்சு நோவு இருக்கிறது, இரத்தமாகத் துப்புகிறாள், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

கல்யாணம் நின்றது. அதோடு போகவில்லை. ஆறு மாதம் வேலுத்தாய்க்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்க மாட்டோம் என்றார்கள். பெரியமுத்து மட்டும் நின்றார். ஐந்து வருஷம் கழித்துக் கம்பத்தில் தாரமிழந்து கைப்பிள்ளையோடு இருந்த ஒரு டெய்லருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம்.

லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரியமுத்து, எங்கள் வீட்டு ஆள். மற்றவர் கருத்தப்பாண்டி. தன் தம்பிக்கு வேலுத்தாயைக் கேட்டு நாங்கள் கொடுக்காதவர். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்பா அவர் வீட்டோடு பேச்சை நிறுத்தினார். பைப்படியில் அவர் வீட்டுக் குடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடத்தை வைக்கவில்லை. அவர் மகள் சடங்குக்குப் போகவில்லை. கருத்தப்பாண்டி சத்தியம் செய்ய வந்தபோது நான்தான் வாசலில் மறித்தேன். அவர் இறந்தபோது எடுத்துப் போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

எஸ்டேட்டிலிருந்து விலகியபின் நாங்கள் குமுளிக்கு வந்துவிட்டோம். பெரியமுத்து ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறார். என் தம்பி பாண்டியின் மகள் மாரீஸ்வரி சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பெரியமுத்துவை அத்தை என்பதா பெரியப்பா என்பதா என்று சின்ன வயதில் குழம்பி, 'பெரிசு' என்று முடித்துக்கொண்டவள். அவளுக்கு வரைய வரும். பெரிசு சொல்லும் எஸ்டேட் கதைகளைக் கேட்டு, வெள்ளிக்கிழமைதோறும் போனில் ஒரு படக்கதை போட ஆரம்பித்தாள். அதில் பெரியமுத்துவின் பேர் கொழுந்து.

சாதாரணக் கதை என்றுதான் நினைத்தேன். சென்னையிலிருந்து, மலேசியாவிலிருந்து, இலங்கை மலையகத்திலிருந்தெல்லாம் படிக்கிறார்கள். கொழுந்துவைப் போல வேட்டியும் படங்கும் கட்டிப் படம் எடுத்து அனுப்பினார்கள். கொழுந்து மாதிரி ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று இருப்பவர்களுக்கு அவர்கள் ஒரு நீளமான பேர் வைத்திருக்கிறார்கள், என் நாக்கில் நிற்காது. சாயங்காலம் கடை விட்டு வந்ததும் மாரீஸ்வரி கமெண்ட் வாசிப்பாள், பெரியமுத்து பால் விடாத கட்டன்சாயா ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கம்பத்தில் வேலுத்தாய், 'கதையில் வரும் தோழி நான்தான்' என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராவது வாரம் மாரீஸ்வரி போனை என் கையில் கொடுத்தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் படம் புரியுமே. சிம்னி விளக்கு. பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சுச் சிரிப்பு. கொழுந்து இடது கையால் கடிதம் எழுதுகிறது.

"இது யாரு சொன்ன கதை?" என்றேன்.

"பெரிசுதான் சொல்லிச்சு, பெரியப்பா."

பெரியமுத்து தலையைத் தூக்கவில்லை. "நாந்தான்ணே. அவ போயிட்டா எனக்கு ஆரு இருக்கான்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

நான் எழுந்து வந்துவிட்டேன். நாலு நாள் பேசவில்லை. வாசலில் மறித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு நாளில் போனில் பெரிய சண்டை. கொழுந்து இப்படிச் செய்யாது, எழுதியவருக்குக் கொழுந்துவைத் தெரியவில்லை என்று ஒருவர். இனிப் படிக்கவே மாட்டேன் என்று ஒரே ஆள் ஆறு தடவை எழுதியிருந்தார். அந்த மாப்பிள்ளை எப்படியும் குடிகாரனாகத்தான் இருந்திருப்பான், கொழுந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறது என்று இன்னொருவர். அதற்குப் பெரியமுத்து, "அவன் பீடிகூடத் தொட மாட்டான். நல்ல பய" என்றாராம்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று எழுதியதுதான் மாரீஸ்வரியைக் கலக்கிவிட்டது. 'நானும் கொழுந்து மாதிரிதான். இந்தக் கதையைக் காட்டித்தான் என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். எங்களைப் பற்றி வருவதே ஒன்றிரண்டு கதை. அதிலும் குடிகெடுப்பவராகக் காட்ட வேண்டுமா? இப்போது அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்?'

ஐந்தாம் நாள் பாண்டி வந்து கூப்பிட்டான் என்று அவன் வீட்டுக்குப் போனேன். மாரீஸ்வரி அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு வரைந்து வைத்திருந்தாள். கடிதம் எழுதுவது இப்போது கொழுந்து இல்லை. அடுத்த வீட்டு ஆள், மீசை வைத்தவன், பெண் கேட்டுக் கிடைக்காதவன்.

பெரியமுத்து வெகுநேரம் பார்த்தார். "இது கருத்தப்பாண்டில்ல?"

"பேரு போடல பெரிசு. சும்மா ஒரு ஆளு."

"அந்த மனுசன் தலையில ஒரு தடவ போட்டாச்சு. செத்தப்புறமும் போடணுமாக்கும்?"

"எல்லாரும் ஒன்னய வையுறாங்க. என்னால கேக்க முடியல."

"வையட்டும். நான் செஞ்சத எவனோ செஞ்சான்னு போட்டா அதுல நான் எங்கடி இருக்கேன்? நல்லது மட்டும் செய்யுற ஆளு வேணும்னா கோயில்ல செல வச்சுக்கிடச் சொல்லு."

"அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு என்ன சொல்ல?"

"அது பாவம்தான்" என்றார் பெரியமுத்து. "தப்பு செஞ்சது நான். அந்தப் பிள்ள இல்ல. அப்பிடியே எழுதிரு" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "வேலுத்தா என்னண்ணே சொன்னா?"

அதுதான் அவர் கேட்க விரும்பிய ஒரே கமெண்ட். வேலுத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. மாரீஸ்வரி அனுப்பியதைப் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, அவ்வளவுதான். மீசைக்காரன் படத்தை மாரீஸ்வரி அழித்தாள். பழைய படமே நின்றது. முந்நூறு பேர் கதையை விட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பம் பஸ்ஸில் வேலுத்தாய் வந்து இறங்கினாள். பாண்டி வீட்டில் எல்லோரும் இருந்தோம். செருப்பைக் கழற்றினாள், உட்காரவில்லை.

"ஒன் கையாலயே எழுதி, ஒன் வாயாலயே எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுன. நாக்குத் தடுமாறவே இல்லியே முத்து."

பெரியமுத்து எழுந்து நின்றார். "தடுமாறிருந்தா கண்டுபிடிச்சிருப்பீக."

"ரத்தம் துப்புறேன்னு எழுதுன. ரெண்டு வருசம் நானே எச்சியத் துப்பிட்டுக் குனிஞ்சு பாப்பேன், தெரியுமா ஒனக்கு?"

பெரியமுத்து அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நின்றபடியே நின்றார்.

வேலுத்தாய்தான் கடைசியில் உட்கார்ந்தாள். "படிக்கிற இவுகளுக்கு என் பேர்ல ஒண்ணு எழுது மாரி. அந்தத் தோழி நான்தான். எனக்குக் கோவம் இருக்கு. இத்தன பேரு நடுவுல வந்து எனக்காவக் கோவப்பட வேண்டாம், வக்காலத்தும் வாங்க வேண்டாம்னு எழுது."

மாரீஸ்வரி எழுதிப் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. வாசிக்கத் தயங்கினாள்.

"வாசி" என்றாள் வேலுத்தாய்.

"'அம்மா, நீங்கள் கொழுந்துவைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை'ன்னு போட்டிருக்காங்க அத்தை."

வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியமுத்துவுக்கும் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பத்தைந்து வருஷமாயிற்று அந்த இரண்டு சத்தத்தையும் சேர்த்துக் கேட்டு.

ஆனாலும் அவள் சாப்பிடாமல்தான் கிளம்பினாள். பஸ் ஏறும்போது பெரியமுத்து பையைத் தூக்கிக் கொடுக்கப் போனார், அவள் பையை விடவில்லை. படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "வைகாசில பேத்திக்குக் காதுகுத்து. வா. பந்தியில எம்பக்கத்துல மட்டும் உக்காராத. எனக்கு இன்னும் ஆறல."

"எத்தன எல தள்ளி?"

"அத அன்னைக்குச் சொல்லுறேன்."

மறுநாள் கருத்தப்பாண்டியின் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். சூரியநெல்லிப் பக்கம் என்கிறார்கள். பெரியமுத்துவும் வருகிறேன் என்கிறார்.