மாயாண்டி செருகிய வயர்

கம்பத்தில் ஏறாமல் பிழைக்க வேண்டும் என்று மாயாண்டி முடிவெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதுவும் அவராக எடுத்த முடிவு இல்லை. சின்னாளபட்டியில் இருபத்திரண்டு வருடம் கேபிள் டிவி லைன் பார்த்தவர், ஒரு மழை நாளில் ஏணி சறுக்கி விழுந்தார். இடுப்பில் தகடு வைத்த டாக்டர், "இனி ஏணியில கால வச்சா எங்கிட்ட வராதய்யா, நேரா சுடுகாட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார்.

எட்டாவதோடு நின்ற ஆளுக்குத் தரையில் என்ன வேலை இருக்கிறது? வாட்ச்மேன் வேலைக்குப் போய்ப் பார்த்தார். நாள் முழுக்க நிற்க இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகேஷ்குமார்தான், "வயர் இழுக்கத் தெரியும்ல? வாங்கண்ணே" என்று கூடச் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றரை வருடத்தில் நெட்வொர்க் என்றால் என்னவென்று ஒருமாதிரி பிடிபட்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் முதலில் ரூட்டர் என்கிற பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக்குக் கதவு நம்பர் கொடுக்கிற மாதிரி ஒரு நம்பர் கொடுக்கும். அடுத்தது ஸ்விட்ச் பெட்டி. அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு கம்ப்யூட்டர். கேபிள் டிவியில் படம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். இதில் இரண்டு பக்கமும் பேச்சு ஓடும். இதையெல்லாம் மாயாண்டி வாயால் சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய கை மட்டும் இன்னும் கேபிள் டிவியிலேயே இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சொர்ணலட்சுமி என்பவர் சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் தொடங்கினார். ஐந்து கம்ப்யூட்டர். முகேஷ்குமார், "இத நீங்களே தனியா முடிங்கண்ணே. சரியா வந்துச்சுன்னா இனிமே சின்ன வேலை எல்லாம் உங்களுக்குத்தான். வரலைன்னா..." என்று இழுத்தார். வரலையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று மாயாண்டிக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

நான்கு நாளில் முடித்தார். சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது எல்லாம் ஓடியது.

மறுநாள் திறப்பு. ஆறரை மணிக்கே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளறையில் இருக்கும் பெரிய ஸ்விட்சிலிருந்து வரவேற்பு மேசைக்கு இரண்டு வயர் இழுத்திருந்தார். ஒன்று வேலைக்கு, இன்னொன்று எலி கடித்தால் மாற்றிக்கொள்ள. வேலைக்கு உள்ளதை மேசைக்கு அடியில் இருந்த சின்ன ஸ்விட்சில் செருகியிருந்தார். மற்றது சும்மா தொங்கியது. வயர் முனை தொங்கினால் மாயாண்டிக்குப் பிடிக்காது. எறும்பு ஏறும், பல்லி போகும், டிவியில் படம் கெடும். இதற்காகவே கூட வேலை பார்த்தவர்களை வண்டி வண்டியாகத் திட்டியிருக்கிறார். சின்ன ஸ்விட்சில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது. முனையை எடுத்து அதில் செருகினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது பெஞ்சு நிறைந்திருந்தது. எல்லாரும் வெறும் வயிறு. வரவேற்பில் இருந்த அன்புக்கரசி எழுந்து நின்றாள்.

"அண்ணே, பேரு அடிச்சா உள்ள போக மாட்டேங்குது. ஸ்டிக்கரும் வரல."

ரத்தக் குப்பியில் ஒட்டுகிற நம்பர் ஸ்டிக்கர் அது. அது வராமல் ரத்தம் எடுக்க முடியாது. மாயாண்டி ரூட்டரை அணைத்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஒரு நிமிடம் மூச்சு வந்த மாதிரி இருந்து மறுபடியும் படுத்துக்கொண்டது. முகேஷ்குமாருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது.

"ஏம்ப்பா," என்றார் தாடிக்கொம்பிலிருந்து வந்திருந்த நல்லுசாமி. சர்க்கரை பார்க்க வந்த விவசாயி. "சுகர் இருக்கான்னு பாக்க வந்தேன். இன்னும் செத்த நேரம் போனா உசிரு இருக்கான்னு பாக்கணும் போல."

பெஞ்சு சிரித்தது. மாயாண்டிக்குக் காது சுட்டது.

சொர்ணலட்சுமி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, கையால எழுதி ஒட்ட மாட்டேன். முன்னாடி இருந்த எடத்துல அப்பிடித்தான் ரெண்டு பேரு ரத்தம் மாறிப் போச்சு. அரை மணி நேரம் பாப்பேன். முடியலைன்னா இவங்கள அனுப்பிட்டு வேற ஆளக் கூப்புடுவேன். தப்பா நெனைக்காதீங்க."

மாயாண்டி உள்ளறைக்குப் போய்ப் பெரிய ஸ்விட்சின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது. விளக்குகளைப் பார்த்தார். வழக்கமாக ஒன்று சிமிட்டும், செத்த கழித்து இன்னொன்று பதில் சொல்லும். இன்றைக்கு எல்லாம் ஒரே சமயத்தில், நிற்காமல், வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

'இது பேச்சு இல்லியே, கூப்பாடுல்ல' என்று தோன்றியது.

தெருவில் படம் போனால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்ப்பார். அதையே செய்தார். முதல் வயரைப் பிடுங்கினார். கூப்பாடு நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதைப் பிடுங்கியதும் சட்டென்று விளக்குகள் அடங்கின. மறுபடி செருகினார். மறுபடி கூப்பாடு. பிடுங்கினார். அமைதி.

அந்த வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு சுவரோரமாகப் போனார். அது வரவேற்பு மேசைக்கு அடியில் கொண்டுபோய் விட்டது. குனிந்தார். சின்ன ஸ்விட்சில் பெரிய ஸ்விட்சின் வயர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன.

விளங்கிவிட்டது. ஒரு வயர் வழியாகப் போன பேச்சு இன்னொரு வயர் வழியாகத் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கூப்பிட்டே தொண்டை கட்டிக் கிடந்திருக்கின்றன. மற்றவர் பேச்சு எங்கே கேட்கும்?

காலையில் செருகியதை உருவினார். உள்ளே போய்க் கழற்றியதையெல்லாம் அதனதன் இடத்தில் மாட்டினார். சத்தம் முதலில் ஸ்டிக்கர் மிஷினிலிருந்து வந்தது. அடித்து வைத்த பெயர்கள் அத்தனையும் கரகரவென்று வெளியே விழுந்தன.

"வந்துருச்சுண்ணே!" என்று கத்தினாள் அன்புக்கரசி.

நல்லுசாமி அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய்விட்டார்.

"என்னண்ணே, பெட்டி போச்சா? புதுசு மாத்தணுமா?" என்று கேட்டார் சொர்ணலட்சுமி.

ஆமாம் என்றால் தீர்ந்தது. பெட்டிக்கு வாய் கிடையாது. ஆனால் நாளைக்கு இதே மேசைக்கு அடியில் வேறு யாராவது இதே மாதிரி செருகினால்?

"பெட்டி மேல தப்பில்ல மேடம். காலைல நாந்தான் கை வச்சேன். தொங்குதேன்னு செருகிட்டேன். இந்த ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்."

சொர்ணலட்சுமி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இனி இங்க எதத் தொட்டாலும் ஒரு பேரு அடிச்சுப் பாத்துட்டுத்தான் டீக்குப் போகணும். சரியா?"

"சரி மேடம்."

"வர்ற வாரம் பின்னாடி ரூமுக்கு இன்னும் ரெண்டு வயரு இழுக்கணும். நீங்களே வந்துருங்க."

மாயாண்டி தலையை ஆட்டினார். தொங்கும் முனையில் டேப் சுற்றி, மேசைக் காலோடு சேர்த்துக் கட்டினார். அதைச் செருகாமல் விடுவதற்குக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்த வேண்டியிருந்தது.

வெளியே வெயிலுக்கு வந்ததும் மனைவி சிவனம்மாள் போன் செய்தார்.

"என்னய்யா ஆச்சு? எங்கயும் ஏறலையே?"

"எங்கிட்டு ஏற? இம்புட்டு நேரமும் மேசைக்கு அடியிலல்ல கெடந்தேன்."

"இடுப்பு?"

"வலிக்கத்தான் செய்யுது. சோத்த வடிச்சு வையி, வாரேன்."