பையன் ராஜாவின் கிறிஸ்துமஸ்

சீஸ் என்னும் மலைக்கோட்டையில் ஒரு பையன் ராஜாவாக இருந்தபோதுதான் வானேனி தன் மகளுக்குக் கலியாணம் செய்தாள். மீசைக்கு முன்னால் கிரீடம் முளைத்த பையன். எகிப்துப் படை வருஷந்தவறாமல் வந்து வயலைக் கொளுத்திக்கொண்டிருக்க, அவன் படை கேட்டுப் போப்பாண்டவருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போப்பாண்டவரின் படை வரவில்லை; அவருடைய பண்டிகைத் தேதி வந்தது. இனிக் கிறிஸ்து பிறப்பு ஜனவரி ஆறு இல்லை, டிசம்பர் இருபத்தைந்து என்று தமுக்கடித்தார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து கடவுள் தப்பான நாளில் பிறந்துகொண்டிருந்தாராம். பதினேழு வயசில் இவன் கண்டுபிடித்துத் திருத்திவிட்டான்.

கீழ்த்தெருவில் எந்தக் கலியாணத்துக்கும் ஹரிசா வானேனி கைதான். கோதுமையையும் ஆட்டிறைச்சியையும் எது எதுவென்று தெரியாமல் குழைத்து எடுப்பாள். உப்புக்கு அளவு கிடையாது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். புருஷன் படையெடுப்பில் செத்தபின் அந்த அண்டாதான் அவளையும் மகள் தலிதாவையும் கரையேற்றியது.

தலிதாவுக்கு இருபத்திரண்டு. நிச்சயம் பண்ணின இரண்டு பேர் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. ராசியில்லாதவள் என்று தெருவே பேசியது. மூன்றாவதாக வந்தவன் கோஸ்தாந்த். அவன் அப்பா பாகுரான் கோட்டைக் குதிரைகளுக்குத் தீவனம் அளக்கிறவர். ராஜா தும்மினால் தனக்குச் சளி பிடிக்கும் ரகம்.

டிசம்பர் நடுவில் பாகுரான் வந்தார். "சம்பந்தியம்மா, கலியாணம் இருபத்தேழாம் தேதி. புதுப் பண்டிகை முடிஞ்சு ஊரிலேயே முதல் கலியாணம் நம்மதா இருக்கணும். ராஜா காதுக்குப் போகும்."

"இருபத்தேழா? நம்ம பழைய கணக்குக்கு ஆறாம் தேதி வரைக்கும் கறி தொடாத நோன்பாச்சே சம்பந்தி! நம்ம வாசில் சாமி கோயில் கதவையே திறக்கமாட்டாரு."

"கோட்டைச் சாமி முடிச்சு வைப்பாரு. நீ ஹரிசாவைக் கவனி. கறி இருக்கணும், ஆமா. பருப்பு கிருப்புன்னு ஏமாத்தாதே, அண்டாவை எட்டிப் பார்க்க ஆள் வரும்."

"முடியாதுன்னா?"

"மூணாவது தடவையும் உம் பொண்ணு வீட்டோடயே இருக்கட்டும்."

அன்று முழுக்க வானேனி காலி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நோன்பில் கறி சமைத்தவள் என்று பேர் வந்தால் கீழ்த்தெருவில் எவனும் அவள் அண்டாவைத் தொடமாட்டான். சமைக்காவிட்டால் மகள் கதி அதோகதி.

"சமைச்சுடும்மா. திட்டுறவங்க ஒரு வருஷம் திட்டுவாங்க. நான் ஆயுசுக்கும் இங்கயே உக்காந்திருக்க முடியாது" என்றாள் தலிதா.

சமைத்தாள். கோட்டைச் சாமி கலியாணத்தை முடித்துவைத்தார். கீழ்த்தெரு ஆள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கோட்டை ஆட்கள் கிண்ணம் கிண்ணமாக வாங்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ரொட்டிக்கடியில் ஒளித்தார்கள், நாய்க்குத் தள்ளினார்கள். ராஜவிசுவாசமும் நரகபயமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. பாகுரான் மட்டும் கிண்ணத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"என்ன சம்பந்தியம்மா, மருந்துக்குக்கூட உப்பில்லையே!"

வானேனி அண்டாவை எட்டிப் பார்த்தாள். நோன்பு வாயில் ருசி பார்க்கவில்லை. பார்க்காததால் போடவும் மறந்திருக்கிறாள். ஒரு சிட்டிகை உப்பை அவர் கிண்ணத்தில் போட்டாள். அவர் வழித்து நக்கிவிட்டுப் போனார்.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. நாட்டுக்குக் காவலென்று சமவெளியில் கூடாரம் போட்டிருந்த தாத்தாரிக் குதிரைப்படையின் தளபதி விருந்துக்குக் கூப்பிட்டான். பையன் ராஜா பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். உயிரோடு திரும்பிவரவில்லை. மூன்று குளிர்காலம்தான் ஆண்டான். ஒரு மதில் கட்டவில்லை, ஒரு கிணறு வெட்டவில்லை, ஒரு தேதியை மாற்றினான். அதுவும் அவனைப் புதைப்பதற்குள் பழையபடி மாறிவிட்டது.

பிரேதம் வந்த மறுநாளே பாகுரான் தலிதாவை மூட்டையோடு திருப்பி அனுப்பினார். நோன்பில் நடந்தது கலியாணமே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நோன்பு முறித்தவர்கள் நாற்பது நாள் வாசலுக்கு வெளியே முழங்காலில் நிற்கவேண்டும் என்றார் வாசில் சாமி. பாகுரான் முந்திக்கொண்டு சிலுவையில் கைவைத்தார்.

"சாமி, கோட்டையில பயமுறுத்தி என்னை நடத்தவச்சாங்க. ஒரு வாய் நான் தொடல. அதனாலதான் அந்தக் கலியாணத்தையும் இந்த ஊரறிய வேணாங்கறேன்."

வானேனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொடலையா சம்பந்தி? அப்ப உப்பில்லைன்னு எப்படித் தெரிஞ்சுது? ஊரிலேயே நீங்க ஒருத்தர்தான் வந்து சொன்னீங்க."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் முற்றமே சிரித்தது.

"நான் சமைச்சேன், நான் முழங்கால்ல நிக்கறேன். எனக்கு வெட்கமில்லை. பக்கத்துல உங்களுக்கும் இடம் விடறேன், வாங்க" என்றாள் வானேனி.

வாசில் சாமியே சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நோன்பு முறிச்சவன் கலியாணத்தைப் பத்திப் பேசக்கூடாது. அடுத்து வர்ற பெரிய நோன்புக்கு முன்னாடி நான் முறையா முடிச்சு வைக்கிறேன். என்ன கோஸ்தாந்த்?"

அதுவரை அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கோஸ்தாந்த் தலையாட்டினான். தலிதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டிக்கிறேன் சாமி. ஆனா அந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன். இவருக்கு நான் வேணும்னா கீழ்த்தெருவுக்கு வரட்டும்."

இரண்டு நாள் ஆள் வரவில்லை. வானேனி கோயில் வாசலில் முழங்காலில் நின்றுவிட்டு வந்து அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தலிதா அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் வானேனி கோயிலுக்குக் கிளம்பும் நேரம் ஒரு போர்வை மூட்டையோடு கோஸ்தாந்த் வாசலில் நின்றான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்றாள் வானேனி.

"சொல்லல அத்தை. அவரு முழங்கால்ல நிக்கப் போனாரு, வந்துட்டேன்."

"இந்த அளவுக்காவது துணிச்சல் வந்துச்சே" என்று வானேனி வழிவிட்டாள். "உள்ள வா. முதல்ல கையைக் கழுவு."