பேய் எந்தக் கரை

ஒரு வேட்டியின் கரையால் எங்கள் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் பெங்களூரு நண்பர்கள் சிரிக்கிறார்கள். மதுரையில் யாரும் சிரித்ததில்லை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே “எந்தக் கரை?” என்பதுதான். வேட்டி ஓரத்தில் ஓடும் அந்த இரண்டு விரல் அகல நிறத்தை வைத்து, வருகிற ஆள் எந்தக் கட்சி என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுகிற ஊர் இது. அது என்ன நிறம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு இப்போது அதற்குத் தெம்பில்லை.

கேமைச் செய்தது நாங்கள் இரண்டே பேர். நான் திருநகர், நிரல் எழுதுவது என் பாடு. நண்பன் உசிலம்பட்டிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். உருவங்கள், சுவர்கள், வெளிச்சம் எல்லாம் அவன். வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே அறை எடுத்திருந்தோம். மில் ஓடினால் தரை அதிரும் என்பதால் ஒலிப்பதிவெல்லாம் மில் மூடிய மதியங்களில்தான். மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் அம்மாவுக்கு இந்த வேலை தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆவி என்றால் ஒன்றே ஒன்றுதான், அது உன் கம்ப்யூட்டரில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கேமின் பெயர் ‘வரிசை’. கரண்ட் போன ஒரு சாயங்காலம், தாலுகா ஆபீஸ். நீங்கள் கையில் டார்ச்சும் ஒரு மனுவுமாக வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர். அவர் துரத்த மாட்டார், கத்த மாட்டார். நீங்கள் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி நெருங்கியிருப்பார், அவ்வளவுதான். பதிவேட்டில் தவறுதலாக இறந்தவராகக் குறிக்கப்பட்டு, அதைத் திருத்த அலைந்து அலைந்து நிஜமாகவே இறந்துபோனவர். அவருக்கு ஒரே ஒரு வசனம்: “நான் உசுரோடதான் இருக்கேன், எழுதிக் குடுங்க.” அதை நண்பனே பேசிப் பதிவு செய்தான். முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது, எழுதியவனான நானே திரும்பிப் பார்த்தேன். எங்களிடம் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பெரியவர்தான். மற்றதெல்லாம் எந்த ஹாரர் கேமிலும் கிடைக்கும்.

பெரியவருக்கு வேட்டி வேண்டும் என்றதும் நண்பன் ஊருக்குப் போய், கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியைப் படம் எடுத்து வந்தான். நைந்து, வெளுத்து, மண் ஏறிய அருமையான துணி. அப்படியே பெரியவர் இடுப்பில் சுற்றினோம். அது ஒரு கட்சி மாநாட்டுக்கு வேன் வைத்துக் கூட்டிப்போனபோது கொடுத்தது. அப்பா எந்தக் கட்சியும் இல்லை. துணி நன்றாக இருந்தது, கட்டிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் கரை கண்ணில் படவே இல்லை. விளையாடிப் பார்த்த நண்பர்கள் ஒருவருக்கும் படவில்லை. வேட்டி என்றால் கரை இருக்கத்தானே செய்யும். வெளியூர்க்காரன் செய்திருந்தால் வெள்ளைத்துணியைச் சுற்றித் தப்பித்திருப்பான்.

வெளியிட்ட இரண்டாம் வாரம், சேனல் வைத்திருக்கும் ஒருவர் விளையாடிக் காணொளி போட்டார். டார்ச் வெளிச்சம் பெரியவரின் இடுப்பில் விழுந்த இடத்தில் யாரோ படத்தை நிறுத்தி வெட்டியெடுத்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்: பாருங்கள், ஆளுங்கட்சியின் சொந்த ஆளே செத்தும் மனுவோடு நிற்கிறான் என்று. மறுநாள் அந்தப் படம் என் பெரியப்பாவின் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள், நிறையப் புகார்கள் வந்திருப்பதால் உங்கள் தயாரிப்பு தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று விற்பனைத் தளத்திலிருந்து ஒரு மெயில். கீழே கையெழுத்துக்குப் பதில் ஓர் எண் இருந்தது. நான் அந்த எண்ணுக்கு ஏழு மெயில் எழுதினேன். ஏழுக்கும் அதே பதில்.

எங்கள் பகுதியில் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் நேரிலேயே வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தோம். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“தம்பி, பேயி எந்தக் கரைன்னு பாத்தீங்களா?”

“அது எங்கப்பா வேட்டிண்ணே,” என்றான் நண்பன்.

“அப்ப அப்பா நம்ம ஆளா?”

“இல்லண்ணே. மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, குடுத்தாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “பாத்தியாய்யா. பிரியாணியும் போட்டு வேட்டியும் குடுத்தா, பேயாக்கி விட்டுட்டாங்க.”

கரையை மட்டும் மாற்றிவிடுங்கள், மற்றபடி நல்ல முயற்சி, இளைஞர்கள் முன்னேற வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். இவ்வளவுதானா என்று எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. ஒரு நிறம்; அரை மணி நேர வேலை.

அரை மணி நேரம் ஒரு பகலாக நீண்டது. பச்சை என்றால் ஒருவர் வருவார். நீலம் என்றால் இன்னொருவர். காவியை நண்பன் தொடவே விடவில்லை. மஞ்சளுக்கும் ஆள் இருந்தது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மங்கிய பழுப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, சேனல்காரருக்கு அனுப்பினோம். அவர் போட்ட காணொளியில், டார்ச்சுக்கு நான் வைத்திருந்த மஞ்சள் வெளிச்சம் அந்தப் பழுப்பில் பட்டதும் அது வேறொரு கட்சியின் நிறமாகிவிட்டது. இரண்டாவது கட்சியிலிருந்து போன் வந்தபோது, மன்னிப்புக் கேட்க எனக்குப் பழகியிருந்தது. பெரியவருக்குக் கரையே இல்லாத வேட்டி கட்டினோம். அதற்குள் யாரோ போலீசில் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கேமைப் பாதிவரை விளையாடியிருந்தார். இரண்டாவது அறையில் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். வேட்டியைப் பற்றி இப்போது புகாரே இல்லை என்றார். அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் மேலே கேட்கிறார்களாம்.

“ஆபீஸ் இருக்கட்டும். இல்ல பெரியவரு இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணா வேணாம் தம்பி. மாத்திடுறோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எழுதிக் கொடுத்தோம். பேனாவும் அவருடையதுதான்.

வழக்குப் போடுவோம், வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுவோம், கேம் செய்கிறவர்களைத் திரட்டுவோம் என்று பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். நண்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போதுதான் சொன்னான். கட்சிக்காரர்கள் உசிலம்பட்டிச் சந்தையில் வைத்து அவன் அப்பாவிடம் பேசியிருக்கிறார்கள். மிரட்டவில்லை. நம்ம வேட்டியா கட்டியிருக்கீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் அந்த வேட்டியைக் கட்டுவதில்லை, சந்தைக்கும் போவதில்லை. இரண்டு மாடுகளில் ஒன்றை விற்க வேண்டியிருந்தும் போகவில்லை.

“நீ பேசு மாப்ள, உனக்கு வாயிருக்கு. ஆனா அங்க போயி நிக்கிறது எங்கப்பா.”



ஆபீஸை எடுத்துவிட்டுப் பெரியவரை வைத்துக்கொள்வோம் என்றேன். சுடுகாடு, பாழடைந்த பங்களா, எதில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நண்பன் தலையை ஆட்டினான். “சுடுகாட்டுல நின்னா அவரு வெறும் பேயி. பேயி எல்லார்ட்டயும் இருக்கு.” அவனே உட்கார்ந்து பெரியவரை எடுத்தான். வரிசைக் கம்பிகள், மின்விசிறி, கவுண்டர், சுவரில் பல்லி எல்லாம் அப்படியே இருந்தன. டார்ச்சோடு நிற்கிறீர்கள், திரும்பிப் பார்க்கிறீர்கள், யாரும் இல்லை. நான் வசனத்தை மட்டுமாவது எங்கோ தூரத்தில் விடலாமா என்று கேட்டேன். அவன் ஒலிக்கோப்பையும் எடுத்துவிட்டான்.

பதிவேற்றுவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்றான். இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனோம். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப் முன் உட்கார்ந்தார். புதிதாக வாங்கிய வேட்டி, கரை இல்லை. எதை அழுத்தினால் நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தோம். மெதுவாக நடந்து வரிசைக்குள் நுழைந்தார். முன்னால் பார்த்தார், திரும்பிப் பின்னால் பார்த்தார். மறுபடி முன்னால்.

“என்னய்யா, ஒரு ஆளையும் காணோம். ஆபீஸ் லீவா?”

“ஆமாப்பா, லீவுதான்,” என்றான் நண்பன்.

“லீவுன்னா கதவப் பூட்டிருப்பாய்ங்களே,” என்று சொல்லிவிட்டு அவர் கவுண்டரை நோக்கி நடந்தார். அங்கே போய், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். 

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று எழுந்துபோய்விட்டார்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. ரோட்டுக்கு வந்து, நிழற்குடையில் உட்கார்ந்து, நண்பனின் போனிலிருந்து இணைப்பு எடுத்துப் பதிவேற்றத் தொடங்கினேன். பாதி போவதற்குள் பஸ் வந்துவிட்டது. நண்பன் என்னைப் பார்த்தான். நிறுத்தலாமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. கண்டக்டர் ஏறுறீங்களா இல்லையா என்றார். இல்லை என்று கைகாட்டினோம். பஸ் போன பிறகு, மீதியும் போய் முடியும்வரை அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம்.