தாயம்மாவின் மகள் பூசிய காக்கை

பூந்தமல்லியில் பூ விற்ற தாயம்மாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். நான் வஹீதுன்னிசா. அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் பத்து முழம்.

தாயம்மா விடிந்ததும் பாரிவாக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை பறிப்பாள். பிறகு கடைத்தெருவில் உட்கார்ந்து கட்டி விற்பாள். புருஷன் கங்காதரனுக்கு ரங்கூனில் அரிசி ஆலை வேலை. அங்கே குண்டு விழுந்த வருஷம், நடந்தே ஊர் திரும்பிய ஒருவர் அவள் வாசலில் நின்று, "வழியிலேயே வாந்திபேதில போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் ஐந்து வயது மகள் வசந்தாவுக்குக் கடுங்காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. காது போய்விட்டது என்று வைத்தியர் கையை விரித்தார். ஊரும் நம்பியது, பெற்றவளும் நம்பினாள்.

பாழாய்ப்போன அந்த நம்பிக்கையில் தாயம்மாவுக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் அத்தா ஜாபர் அலியிடம் சொல்லி அழுவாள்: "அப்பன் செத்தது இதுக்குத் தெரியாது பாய். நைனா வரும்னு நெனச்சுகினு கீது. காது கேக்காததே நல்லது."

அத்தா வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வர்ணம் அடிப்பவர். பஞ்சாயத்து ரேடியோவும் அவர் பொறுப்பு. வாரம் ஒரு சாயங்காலம் அதில் பிள்ளைகளுக்குக் கதை வரும். நாங்கள் போடும் கூச்சலில் கதை காதில் விழாது என்று, ரேடியோ வைத்திருந்த கொட்டகையின் சிமென்ட் தரையில் ஆளுக்கொரு படத்தைக் கோடு போட்டு வைப்பார். கரி, செங்கல் துண்டு, பச்சிலை, சுண்ணாம்புக் கட்டி, எது கிடைத்தாலும் தேய்த்து வர்ணம் ஏற்றுவோம். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாக மூடும் என்பது அவர் கணக்கு. என் வாய் மூடவில்லை. ஆனால் பொடிசுகள் நரி சொன்னது, முதலை சொன்னது எல்லாவற்றையும் மறுநாள் அப்படியே ஒப்பிக்கும்.

வசந்தாவும் வருவாள். எங்களைப் பார்க்க முடியாத தூண் மறைவில் அவளுக்கு ஓர் இடம். "செவிட்டுப் பொண்ணுக்குக் கதை எதுக்கு?" என்று கேட்டவள் நான்தான்.

இப்படியே ஒரு வருஷம் போனது. அடுத்த திங்கட்கிழமை அவளைப் பட்டணத்தில், காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் விடுவதாக ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு முறைதான் போய்ப் பார்க்கலாம். தாயம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தைய கதை நாளில் காக்கைக் கதை என்று ரேடியோவில் முன்பே சொல்லியிருந்தார்கள்; அத்தாவும் எல்லோருக்கும் காக்கையே வரைந்து வைத்தார். கதை தொடங்குமுன்பே நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு கரியால் தேய்த்து முடித்துவிட்டோம். கதை முடிந்ததும் தூணைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வசந்தா பாதி கறுப்பாக்கிய காக்கையின் மேல் சுண்ணாம்புக் கட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயய்யே, வெள்ளைக் காக்கா!" என்று கைகொட்டிச் சிரித்தேன்.

அத்தா வந்து பார்த்தார். என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. "இன்னாடி சிரிப்பு? காக்கா எதுல வுழுந்துச்சு, சொல்லு பாப்போம்?"

எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டுச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து வெளுத்துப்போன குஞ்சை, பெற்ற காக்கையே அடையாளம் தெரியாமல் கொத்தித் துரத்துகிறது. அதுதான் அன்றைய கதை. காது நன்றாக இருந்த எனக்கு அது தெரியாது.

அத்தா கத்தினார்: "தாயம்மா, ஓடியா!"

பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், அத்தா சொன்னதைக் கேட்டு, மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக, "வசந்தா" என்றாள். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கேக்குதாடி உனக்கு?"

பிள்ளை தலையை ஆட்டியது. தாயம்மா அவளை வாரி எடுத்துக்கொண்டாள். "எம் பொண்ணுக்குக் காது கேக்குது பாய்! நான் எங்கியும் அனுப்ப மாட்டேன்!" அழுதாள், சிரித்தாள். சட்டென்று முகம் வெளிறிப் போனது. "அப்ப... நான் சொன்னதெல்லாம்?"

வசந்தா சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "நைனா வராது" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏன்டி கண்ணு சொல்லல?"

"காது கேக்காததே நல்லதுன்னு நீதானேமா சொன்னே?"

தாயம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவை நிறுத்த அத்தாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் தாயம்மா முப்பது வருஷம் பூ விற்றாள். கங்காதரனைப் பற்றி யார் கேட்டாலும், முதலில் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வாள்.